பழுப்புப் பெட்டியிலிருந்து ஒடிசிக்கு: முதல் வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவி சந்தைக்கு வந்த வரலாறு (1966–1972)

முன்னுரை

ஒரு கருவி முதன்முதலில் செயல்பட்ட நாளையே அதன் தோற்றமாகக் கொள்வது தொழில்நுட்ப வரலாற்றில் பெருவழக்கு. முதல் வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசியின் வரலாறு அவ்வழக்கின் போதாமையைக் காட்டுகிறது. அதன் முன்மாதிரி முழுமை பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆயின; கடைக்கு வர மேலும் நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்விடைக்காலத்தின் வணிக முடிவுகளே கருவியின் இறுதி வடிவைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்மாதிரி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இயங்கிய சாண்டர்ஸ் அசோசியேட்ஸ், இராணுவ மின்னணுக் கருவிகளைச் செய்த நிறுவனம். அதன் பொறியாளர் ரால்ஃப் பேர், தொலைக்காட்சித் திரையில் விளையாடும் கருவி பற்றிய நான்கு பக்கக் குறிப்பை 1966 செப்டம்பர் 1 அன்று எழுதினார். பில் ஹாரிசன் மின்சுற்றுகளை அமைத்தார். ஆட்டக்காரர் இருவர் நகர்த்தும் புள்ளிகளோடு, கருவியே நகர்த்தும் மூன்றாவது புள்ளியையும் சேர்க்கும் கருத்தை பில் ரஷ் அளித்தார். துரத்தலாக இருந்த ஆட்டம் அதனால் பந்தாட்டமாயிற்று. 1968இல் உருவான ஏழாவது முன்மாதிரி, மரநிறத் தாள் ஒட்டப்பட்டிருந்தமையால் ‘பழுப்புப் பெட்டி’ எனப்பட்டது.

உற்பத்தியாளரைத் தேடல்

சாண்டர்ஸ் நுகர்பொருள் விற்கும் நிறுவனமன்று. எனவே உரிமம் பெற்று உற்பத்தி செய்வோரைத் தேடவேண்டியதாயிற்று. கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான டெலிபிராம்ப்டருடன் நடந்த பேச்சு பயனளிக்கவில்லை. ஆர்சிஏவுடனான ஒப்பந்தமும் கைகூடவில்லை. ஆர்சிஏவிலிருந்து மேக்னவாக்ஸுக்கு மாறிய பில் எண்டர்ஸ் அக்கருவியை அங்கு வலியுறுத்தினார். 1971இல் மேக்னவாக்ஸ் உரிமம் பெற்றது.

வடிவ மாற்றமும் விற்பனையும்

செலவைக் குறைக்க வண்ணச் சுற்று நீக்கப்பட்டது. ஆட்டத்தைத் தெரிவுசெய்யும் விசைகளுக்கு மாற்றாகச் செருகும் அட்டைகள் வந்தன. ஆட்டக்களங்களைக் காட்ட, திரைமேல் ஒட்டும் ஒளிபுகும் தாள்கள் அளிக்கப்பட்டன. ஒலியோ புள்ளிக் கணக்கோ கருவியில் இல்லை. 20 முதல் 25 டாலருக்குள் விற்கக் கருதப்பட்ட கருவி, 1972 செப்டம்பரில் ஏறத்தாழ 100 டாலர் விலையில் வெளிவந்தது. மேக்னவாக்ஸ் முகவர்களிடம் மட்டுமே கிடைத்ததால், அந்நிறுவனத் தொலைக்காட்சியில் மட்டுமே அது இயங்கும் என்று நுகர்வோர் பலர் கருதினர். 1975 வரை ஏறத்தாழ 3,50,000 கருவிகள் விற்றன.

1972 மே மாதம் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்த ஒடிசி செயல்விளக்கத்தை அட்டாரி நிறுவனர் நோலன் புஷ்னெல் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் அட்டாரியின் ‘பாங்’ வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. மேக்னவாக்ஸ் 1974இல் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1976இல் அட்டாரி உரிமத்தொகை செலுத்த இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது.

முடிவுரை

பழுப்புப் பெட்டியில் இருந்த வண்ணம் ஒடிசியில் இல்லாமற்போனது தொழில்நுட்ப இயலாமையால் அன்று, உற்பத்திச் செலவால். பேரின் கருத்துக்குச் சட்டத்தில் கிடைத்த முதன்மை மக்கள் நினைவில் கிடைக்கவில்லை. அங்கு முதல் வீடியோ விளையாட்டாகப் ‘பாங்’கே நின்றது. ஆகவே, வீடியோ விளையாட்டின் தோற்றத்தை ஆய்வோர் ஆய்வகக் குறிப்புகளோடு உரிம ஒப்பந்தம், விலை, விற்பனை முறை ஆகியவற்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாதது.