பாவசங்கீர்த்தனத்தில் வராத பாவம்

எங்கள் அப்பாயி ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு வருசம் தவறாமல் நடந்தே போகும். கிளம்புகிற முந்தின ராத்திரி பாவங்களை விரல்விட்டு எண்ணும். வெள்ளிக்கிழமை கறி தின்றது, ஞாயிறு பூசையை விட்டுக் கடலைக்கொல்லைக்குப் போனது, மருமகளை வைதது. இதற்குப் பெயர் ஆத்தும சோதனை. ஊர்த்தெருக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள். கோயிலில் எங்களை ஓரமாக உட்காரவைத்தது அவர்கள் விரல் எதிலாவது வந்திருக்குமா?

வந்திருக்காது. அது பாவமில்லை, நாட்டு வழக்கம் என்று படித்த சாமியார்கள் முன்னாடியே தீர்த்துவைத்திருந்தார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியின் வாதமே அதுதான்: பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளம், மதத்தின் அடையாளம் அல்ல. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். மேல்குலத்தார் கோயிலிலாவது எளியவரை இழிவாக நினைக்க வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் கேட்டுக்கொண்டார். அனுமதியை எடுத்துக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டது காகிதத்தோடு போச்சு.

1704-இல் பாண்டிச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஒரு கட்டளை போட்டார். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் சாமியார் நுழைய மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடந்தவனை வெளியே தூக்கிவரச் சொன்னவர்கள் மோட்சத்துக்கு வழிகாட்ட வந்தவர்கள்! வழக்கு நாற்பது வருசம் இழுத்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் கட்டளையை உறுதிப்படுத்தினார். சேசு சபையார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பறையருக்கென்று தனிச் சாமியார். பாப்பரசரும் சரி என்றார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாச்சு, மற்ற சாமியார் யாரும் மாறவும் வேண்டியதில்லை. இப்படித்தான் மனசாட்சி படுத்துத் தூங்கியது.

இந்தச் சண்டை நடந்த காலத்தில்தான் வீரமாமுனிவர் இந்தக் கொள்ளிடக்கரையில் இருந்தார். உபதேசியார்களுக்கு 'வேதியரொழுக்கம்' எழுதியவர் அவர். பரமார்த்த குரு கதையும் அவருடையதே. ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடர்களும் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது, ஒருத்தன் செத்தான் என்று அழுகிறார்கள். சின்ன வயசில் சிரித்தேன். இப்போது அந்தக் கணக்கு நம்ம பங்குகளின் கணக்காகவே தெரிகிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பங்குகளைக் கொண்ட கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் உண்டானது. அதே மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்குத் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவில் சமமாக நடத்தவில்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல்தான் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்வதோடு முடிவதில்லை, அபராதம் என்று ஒன்று உண்டு.

நம்ம ஆட்களும் ஏமாந்தோம். மோட்சத்தில் வரிசை கிடையாது என்று சொல்லிச் சொல்லியே கோயில் வரிசையைப் பொறுத்துக்கொண்டோம். அது வெறும் ஏமாற்றா, உயிரோடு இருக்கப் பிடித்த கொம்பா என்று அப்பாயியை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னாடி அதுவே சொன்னது:

"தேரு நம்ம தெருவுக்கு வல்லையேன்னு ஒரு வருசம் ஊர்த்தெருக்காரங்க மேல ஆத்திரப்பட்டுட்டேன்டா. சாமிகிட்ட சொன்னேன். அம்பத்துமூணு மணி செபமாலை அபராதம் குடுத்தாரு. முழங்கால்ல நின்னு சொல்லி முடிச்சேன்."

அந்த வருசமும் தேர் வரவில்லை.