சென்னையின் 3.2 விழுக்காடும் பினாங்குக் கிளினிக்குகளும்: கால் தமனி நோயைக் கண்டறிந்த வரலாறு

தென்னிந்தியரிடம் கால் தமனி நோய் குறைவு என்கிறது, 2000ஆம் ஆண்டு 'டயபடிஸ் கேர்' இதழில் வந்த சென்னை நகர்ப்புற ஆய்வு. தி.நகரிலும் திருமங்கலத்திலும் பிரேமலதா, மோகன் குழுவினர் கண்டது 3.2 விழுக்காடு. எண்ணை நான் மறுக்கவில்லை. அதை மேலைநாட்டு எண்களோடு நிறுத்திக் 'குறைவு' என்று படித்ததை மறுக்கிறேன். சென்னையில் 20 வயதிலிருந்தே ஆட்களைச் சேர்த்தார்கள். மேலைநாட்டு ஆய்வுகளில் ஒன்றான எடின்பரோ ஆய்வில் இருந்தவர்கள் 55 முதல் 74 வயதினர். வயதைவிடப் பெரிய சிக்கல் அளவுகோலில் இருக்கிறது.

1962இல் ஜெஃப்ரி ரோஸ் கள ஆய்வுகளுக்காக வகுத்த வினாப்பட்டியல், வலியை மட்டுமே நம்பியது. அதில் ஒரு கேள்வி: நடந்துகொண்டிருக்கும்போதே வலி மறைந்துவிடுவதுண்டா? 'உண்டு' என்றவர் நோயாளிக் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார். வேகத்தைக் குறைத்து, வலி தணியும்படி மெல்ல நடந்து சமாளிப்பவர் அந்தப் பதிலைத்தானே சொல்வார்? 1992இல் லெங்கும் ஃபோக்ஸும் அமைத்த எடின்பரோ பட்டியலில் இக்கேள்வி இல்லை. இந்த ஒரு நீக்கத்தை இத்துறையின் திருப்பமாகவே கருதுகிறேன். ஆனாலும் புதிய பட்டியலும் வலியைத்தான் கேட்டது. நீரிழிவால் கால் நரம்பு மரத்துப்போனவரிடம் வலியைக் கேட்டு என்ன பயன்?

எனவே அழுத்தத்தை அளந்தார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருவது நோய். இம்முறையின் தொடக்கத்தை வின்சரின் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் வைப்பதா, யாவோ குழுவினரின் 1969ஆம் ஆண்டுக் கட்டுரையில் வைப்பதா என்பதை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. ஆரம்பநிலை மருத்துவத்தில் இதன் வலிமையைக் காட்டியது 2001ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு: 350 மருத்துவர் நிலையங்களில் சோதிக்கப்பட்ட 6,979 பேரில் 29 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. முதியோரையும், புகைப்பழக்கமோ நீரிழிவோ உள்ள ஐம்பது வயது கடந்தோரையும் தேர்ந்தெடுத்தே சோதித்தார்கள்.

சென்னையிலும் 0.9தான் எல்லை. நீண்டகால நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைப்பதால், கணுக்காலில் அழுத்தம் பொய்யாக உயரும். அடைப்பும் விறைப்பும் சேர்ந்த காலில் விகிதம் 1.0 என்றுகூட வரலாம். எல்லைக்கோடு அவரை நலமானவர் பக்கம் தள்ளிவிடும். சென்னையில் நீரிழிவு இல்லாதோரிடம் 2.7, உள்ளோரிடம் 6.3, அதிலும் ஏற்கெனவே கண்டறியப்பட்டோரிடம் 7.8 விழுக்காடு. விறைப்பு மிகுந்திருக்கக்கூடியதும் இந்தக் கடைசிக் குழுவில்தான். நீரிழிவு உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது என்பது என் வாதம். இது ஊகமே, கால்விரல் அழுத்தத்தை அளந்தால்தான் உறுதிப்படும்.

இந்த விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பது பினாங்கில் அவசரமான கேள்வி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). ஜார்ஜ் டவுனின் சமதளத் தெருக்களில் மெல்ல நடப்பவர் கெண்டைக்கால் வலியை உணராமலே இருக்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் ஏறும்போது வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவர் காலுறையைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். நாடி கிடைக்காதபோது விகிதம் சரியாக இருந்தாலும், 1.4ஐத் தாண்டினாலும், விரல் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உறுதியானால் புகையை நிறுத்துவது, ஸ்டேட்டின், இரத்தத் தட்டணு ஒட்டாமல் தடுக்கும் மருந்து, வலி வரும்வரை நடந்து நின்று மறுபடி நடக்கும் பயிற்சி ஆகியவற்றைக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். ஆறாத புண்ணோ ஓய்விலும் விடாத வலியோ இருந்தால், அன்றே பெரிய மருத்துவமனைக்கு.