சீனன்குடாப் பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறது?

சீனன்குடாவை ஒருக்கா சுத்திப் பாருங்கோ. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், ரயில் நிலையம். இந்த ஊர்ப் பிள்ளை ஒண்டு உயர்தரம் பாஸ் பண்ணியும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் நிண்டால், அதுக்கு அடுத்த படிப்பு என்ன? அதை ஆர் தீர்மானிக்கிறது? இலங்கை இந்தக் கேள்விக்கு மூண்டு தரம் பதில் தேடியிருக்கிறது.

முதல் முயற்சி 1969இல். கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்ற பெயரில் தெஹிவளை, பலாலி போன்ற இடங்களில் இரண்டு வருட டிப்ளோமாக்கள் தொடங்கின. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் இப்படியொரு கல்லூரி தொடங்கி, பிறகு சமுதாயக் கல்லூரிகளாகப் பரவியிருந்தது. ஆனால் இங்கே 1970இல் ஆட்சி மாறியது. கல்லூரிகள் வேர்விட முதலே கைவிடப்பட்டன.

இரண்டாவது முயற்சி இரத்தத்துக்குப் பிறகு வந்தது. தெற்கில் 1987-89 கிளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில், இளைஞர்கள் ஏன் இவ்வளவு கொதித்தார்கள் என்று ஆராய ஜனாதிபதி பிரேமதாச ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். அதன் அறிக்கை 1990இல் வந்தது. அதைத் தொடர்ந்து மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. திருகோணமலைக்கு 1993இல் ஒண்டு கிடைத்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வெளியூர் போய்ப் படிக்கிறதே ஒரு துணிச்சல். ஊருக்குள்ளயே ஒரு கல்லூரி எண்டால் சும்மா விஷயமில்லை.

ஆனால் 'இணைந்த' என்ற சொல்லுக்குள்தான் சிக்கல் இருந்தது. படிக்கிறது இங்கே, கலைத்திட்டம், பரீட்சை, தரம் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை தாய்ப் பல்கலைக்கழகத்தில். டிப்ளோமா முடித்த பிள்ளைக்கு, பட்டத்துக்குத்தான் மதிப்புள்ள நாட்டில், பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி. அதனால் இந்தக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பல்கலைக்கழகம் ஆகின. 1995-96இல் சப்ரகமுவ, ரஜரட்ட. 1997இல் வவுனியா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. 2001இல் எங்கட திருமலைக் கல்லூரி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது.

இது வெற்றிதான். கோணேசபுரியில் இன்று தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் எல்லாம் படிக்கலாம். ஆனால் கல்லூரி வளாகமானதும் அதற்குள் நுழையும் வாசலும் மாறிவிட்டது. முன்பு வெட்டுப்புள்ளி காணாத பிள்ளைக்காக எண்டு திறந்த கதவு, இப்ப வெட்டுப்புள்ளி உள்ள பிள்ளைக்கு. மற்றப் பிள்ளைக்கு மூன்றாவது பதிலாக, 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் வந்தன. திருகோணமலையிலும் ஒண்டு இருக்கு.

மூண்டு முயற்சியிலும் பொதுவான ஒரு விஷயம்: கல்லூரியை எங்க திறக்கிறது எண்டு பேசின அளவுக்கு, அதுக்குள்ள என்ன படிப்பிக்கிறது எண்டு அந்த ஊரோட பேசவில்லை. துறைமுகமும் எண்ணெய்த் தாங்கியும் ஆலையும் உள்ள ஊரில் இந்தப் பேச்சு முதலில் நடந்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி, பாடநெறிகள் பற்றிய பரிந்துரை பீடச் சபையிலிருந்துதான் மூதவைக்குப் போகும். அந்தப் பீடச் சபையில் விரிவுரையாளர்களோடு, மாணவர்கள் தெரிவு செய்யும் இரண்டு மாணவர்களும் இருப்பார்கள். இரண்டே இரண்டு கதிரை. அதில் இருக்கிறவர் ஹொஸ்டல், கன்டீன் பிரச்சினையை மட்டும் பேசிவிட்டு எழும்பினால், கலைத்திட்டத்தை மற்றவர்கள்தான் எழுதுவார்கள்.

நீங்கள் கம்பஸில் படிக்கிறீர்கள் என்றால், உங்கட பீடத்தில் அந்த ரெண்டு பேர் ஆர் எண்டு முதலில் விசாரியுங்கோ. அவர்கள் கடைசிக் கூட்டத்தில் பாடங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்றும் கேளுங்கோ.