பெட்போர்டு ஃபால்ஸ் என்னும் சிற்றூர்

அமெரிக்கா என்றதும் நம்மவர் பலருக்கு வானளாவிய மாளிகைகளும், குதிரையேறித் துப்பாக்கி சுடும் வீரர்களுமே மனக்கண் முன் தோன்றுவது இயல்பு. அந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் இன்பதுன்பங்களை உள்ளம் உருகக் காட்டிய படங்களும் உண்டு. அவற்றுள் தலையாயது என நான் கருதுவது, 1946 டிசம்பரில் வெளிவந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'.

இதனை இயக்கிய ஃபிராங்க் காப்ரா அமெரிக்காவில் பிறந்தவரல்லர். 1897இல் இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்து, 1903இல் பெற்றோருடன் கப்பலின் மலிவான கீழ்த்தட்டில் அட்லாண்டிக் கடலைக் கடந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செய்தித்தாள் விற்றுக்கொண்டே படித்து, 1918இல் வேதியியல் பொறியியல் பட்டமும் பெற்றார். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர் மனத்தை அவர் படங்கள் தொடுவதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

கதாநாயகன் ஜார்ஜ் பெய்லிக்கு உலகைச் சுற்றிவர ஆசை. ஆயினும் தந்தை விட்டுச் சென்ற வீட்டுக்கடன் சங்கத்தைக் காக்க, பெட்போர்டு ஃபால்ஸிலேயே தங்கிவிடுகிறான். நம் கூட்டுறவுக் கடன் சங்கம் போன்றதுதான் அது. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 9000 வங்கிகள் மூடப்பட்டன. 1933 மார்ச்சில் பதவியேற்ற ரூஸ்வெல்ட், நாடெங்கும் வங்கிகளுக்கு விடுமுறையே அறிவித்தார். அக்காலப் பீதியைப் படம் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது. போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் சங்கத்தின் வாயிலில் திரள்கின்றனர். பணம் பெட்டியில் இல்லை, உங்கள் அண்டை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது என்று விளக்கும் ஜார்ஜ், தேனிலவுக்கென வைத்திருந்த 2000 டாலரை எடுத்துப் பகிர்ந்தளிக்கிறான். ஒருவர் 242 டாலரையும் முழுதாக வாங்கிப் போகிறார். ஓர் அம்மையாரோ பதினேழரை டாலர் போதும் என்கிறார். கதவடைக்கும்போது மிச்சம் 2 டாலர்! கணக்கெழுதிப் பிழைப்பவன் கண்ணுக்கு இதனினும் உருக்கமான காட்சி வேறில்லை.

மார்ட்டினி என்னும் இத்தாலியர் வாடகைக் குடிசையை விட்டுச் சொந்த வீடு புகும் காட்சியும் அத்தகையதே. ஜார்ஜும் மனைவியும் வாசலில் நின்று ரொட்டியும் உப்பும் திராட்சை மதுவும் தந்து வாழ்த்துகின்றனர். நம் புதுமனை புகுவிழாவுக்கும் இதற்கும் எத்தனை தூரம்? ரெயில்வே குவார்ட்டர்ஸ்களில் காலம் கழித்துவரும் நமக்கு அதன் அருமை தெரியும்.

இத்தகைய படம் அன்று போட்ட முதலுக்கு ஆதாயம் காணவில்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசை, போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிய மற்றொரு நல்ல படம் தட்டிச் சென்றது. அதை இயக்கிய வில்லியம் வைலரும் அயல்நாட்டிலிருந்து குடியேறியவரே. போதாக்குறைக்கு, வங்கி முதலாளியைக் கொடியவனாகக் காட்டியதில் பொதுவுடைமை வாடை வீசுவதாக 1947இல் எஃப்.பி.ஐ. குறிப்பெழுதி வைத்தது. பணக்காரனைக் குறை சொல்லாத கதை நம் நாட்டிலும் உண்டோ!

28 ஆண்டுகள் கழித்து, 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட்டனர். கோப்பில் ஒரு தாள் விடுபட்டால் நாம் படும் பாட்டை நாமறிவோம். இங்கோ அதுவே படத்துக்கு மறுபிறவி அளித்தது. தொலைக்காட்சி நிலையங்கள் படத்துக்குக் கட்டணமின்றிக் கிறிஸ்துமஸ்தோறும் அதை ஒளிபரப்பலாயின. திரையரங்குக்குச் செல்லாத குடும்பங்களும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கண்டு கண்ணீர் உகுத்தன. 1990இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றபோது காப்ரா உயிருடன் இருந்தார். மறு ஆண்டு, தம் 94ஆம் வயதில் காலமானார்.