கழுதை பூட்டிய ஏர்

மந்திரவாதிகளும் மாயப் படைகளும் மோதிக்கொள்ளும் வியூக விளையாட்டுகளில் ஓர் ஊரைப் பிடித்ததும் திரையில் கேள்வி வரும்: வைத்துக்கொள்வதா, அழிப்பதா? 1993இல் வந்த ‘வார்லார்ட்ஸ் 2’ நான்கு வழிகள் கொடுத்தது: ஊரில் அமரலாம், கொள்ளையிடலாம், சூறையாடலாம், தரைமட்டமாக்கலாம். அடுத்த ஆண்டு வந்த ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’கில் ‘கால் த வாய்ட்’ என்றொரு மந்திரம் உண்டு. கட்டடங்களிலும் குடிகளிலும் ஏறக்குறையப் பாதியை ஒரே வீச்சில் விழுங்கி, சுற்றுநிலத்தையும் கெடுத்துவிடும். ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’இல் பிடித்த ஊர் கட்டடங்களோடு அப்படியே கைமாறும். ‘சிவிலைசேஷன் 5’ இதில் கொஞ்சம் நிதானமானது. அழிக்கச் சொன்னால் ஒவ்வொரு சுற்றிலும் மக்கள்தொகை ஒன்று குறையும். மனம் மாறினால் நடுவில் நிறுத்தலாம். குறைந்த அந்த மக்கள் எங்கே போனார்கள் என்று அதுவும் சொல்வதில்லை.

நான் உறையூர்க்காரன். நண்பர்களோடு சேர்ந்து இந்த வகையில் ஒரு விளையாட்டை உருவாக்கி வருகிறேன். ஊர் அழிப்பு விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது வேறெங்கும் தேடிப் போகத் தோன்றவில்லை. என் ஊரே இரண்டு முறை அழிந்தது. ஒருமுறை தலபுராணத்தில் மண் மழையால்; இன்னொரு முறை கல்வெட்டில் பாண்டியன் வைத்த தீயால்.

தீயைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஏனென்றால், தமிழ் அரசர்கள் பகைவன் ஊரை அழித்ததற்கு ஒரு முறைமை இருந்தது. அது உறையூரைக் கொளுத்திய அந்தப் பாண்டியனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. புறநானூற்றின் 15ஆம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி செய்ததை வரிசையாகச் சொல்கிறார். தேர் ஓடிக் குழிந்த தெருக்களில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுகிறான். விளைந்த வயல்களில் குதிரைத் தேர்களை ஓட்டுகிறான். பகைவன் காவல் வைத்துக் காத்த குளத்தில் தன் யானைகளை இறக்குகிறான். மூன்று செயலுக்கும் மூன்று குறி: தெரு, சோறு, தண்ணீர். 392ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினி அப்படிக் கழுதை ஏர் உழுத மண்ணில் வரகும் கொள்ளும் விதைத்ததைப் பாடுகிறார். காவல்மரத்தை வெட்டுவது இதே முறைமையின் இன்னொரு அங்கம். சேரன் செங்குட்டுவன், மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்தின் பதிகம் பதிந்து வைத்திருக்கிறது.

இது தமிழ்நாட்டோடு நின்ற வழக்கமும் அல்ல. புவனேசுவரத்துக்கு அருகே உதயகிரிக் குன்றில் உள்ள ஹாதிகும்பா கல்வெட்டில், கலிங்க மன்னன் காரவேலன் பிதுண்டம் என்ற நகரைக் கழுதை ஏரால் உழுததாகப் படித்திருக்கிறார்கள். தமிழ் அரசுகளின் நெடுநாள் கூட்டணியை அவன் உடைத்த செய்தியும் அதே கல்வெட்டில்தான் வருகிறது.

நெடுநாள் யோசித்தபின் எனக்குப் பட்டது இது. காளை இழுக்க வேண்டிய ஏரைக் கழுதை இழுக்கிறது. அரசன் உலா போன வீதியில் புன்செய்த் தானியம் முளைக்கிறது. மதில் இடிந்தால் மறுபடி எழுப்பலாம். தன் வீதியில் வரகு முளைத்ததை ஊரார் கண்டதை எந்த அரசனாலும் திரும்பப் பெற முடியாது. அவமானம் அங்கே ஓர் ஆயுதம். வியூக விளையாட்டுகளில் பொன் உண்டு, மந்திர சக்தி உண்டு, புகழ்கூட உண்டு. அவமானத்தைக் கணக்கில் எடுத்த விளையாட்டை நான் ஆடியதில்லை.

இனி பாண்டியன். 1216இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், மூன்றாம் குலோத்துங்க சோழனை வென்று தஞ்சைக்கும் உறையூருக்கும் தீ வைத்தான். அவனுடைய மெய்க்கீர்த்தி அழித்தவற்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: குளங்களும் ஆறும், கூடம், மதில், கோபுரம், ஆடரங்கு, மாடம், மாளிகை, மண்டபம். கடைசியில் கழுதை ஏர் வருகிறது. சங்கப் பாட்டில் கண்ட அதே ஏர், அத்தனை நூற்றாண்டு கழித்தும் அரசனின் பெருமைப் பட்டியலில் நிற்கிறது. பிறகு ஆயிரத்தளியில் சோழர்களின் முடிசூட்டு மண்டபத்தில் அவன் வீராபிஷேகம் செய்துகொண்டான்.

அடுத்து நடந்ததை எந்த விளையாட்டின் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. ஊர்களைக் கொளுத்தியவன் நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். பொன்னமராவதியில் சோழன் வந்து பணிய, முடியை அவனிடமே ஒப்படைத்து ஆளச் சொன்னான். ‘சோணாடு வழங்கியருளிய’ என்று அதையும் பட்டமாகச் சூடிக்கொண்டான். ஊர் சாம்பல், அரசன் உயிரோடு, அரியணை கடன். எங்கள் விளையாட்டில் இதை ஒரு தனித் தெரிவாகவே வைத்திருக்கிறேன். இப்படி முடி பெற்றவன் பிற்பாடு நட்புக்கு வருவானா, நஞ்சாவானா என்பதை அவன் தெருக்களில் ஏர் ஓடியதா இல்லையா என்பதே பெரிதும் தீர்மானிக்கும்.

திருவெள்ளறைக் கல்வெட்டு ஒன்று இன்னொரு செய்தி தருகிறது. சோழநாட்டில் மண்டபங்களை இடித்துத் தள்ளியபோது பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் சுந்தரபாண்டியன் விட்டுவைத்தானாம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பரிசாகக் கரிகாலன் கொடுத்த மண்டபம் அது. அந்தப் பாட்டிலேயே கரிகாலன் பகைவர் ஊர்களைப் பாழாக்கிய பகுதி வருகிறது. ஊர் அழித்தவனைப் பாடிய புலவனின் மண்டபத்தை, கரிகாலன் மரபின் ஊரை அழித்தவன் காப்பாற்றுகிறான். இதைப் படித்த நாளிலிருந்து, எதையும் விட்டுவைக்க இடமில்லாத அழிப்பு விதியை என்னால் ஏற்க முடியவில்லை. படை நுழையும் முன்பே ‘இதைத் தொடாதே’ என்று ஒன்றைக் குறிக்கும் உரிமை ஆடுபவருக்கு இருக்க வேண்டும்.

அழிந்த ஊர் வரைபடத்தில் வெறும் கட்டமாக மாறுவதும் பொய்யே. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தின் அரண்மனை இன்று மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. கோயில் நிற்கிறது. ஆனால் அதைச் சூழ்ந்திருந்த கருங்கல் மதிலை 1836இல் பெயர்த்தெடுத்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். தடுத்த ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். சோழப் பேரரசு முடிந்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின் நடந்த இடிப்பு அது. எந்தப் படையும் வரவில்லை, பொறியாளர்கள் வந்தார்கள். அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதில் நினைவு வரும். ஆகவே எங்கள் வரைபடத்தில் பாழ் ஊர் ஒரு கல்சுரங்கம். யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம். எடுத்த கல் எந்த அணையில், எந்தக் கோட்டையில் போய் உட்கார்ந்தது என்று ஆட்டம் நினைவில் வைத்திருக்கும்.

மண் மழைக் கதைக்கு வருகிறேன். சாரமா முனிவரின் நந்தவனப் பூக்கள் களவுபோய் அரசனிடம் சேர்ந்தன. அவர் முறையிட, திருச்சி மலைக்கோட்டைச் சிவனான தாயுமானவர் சினந்து உறையூரைப் பார்த்துத் திரும்பினார். மண் மாரி பொழிந்து ஊர் புதைந்தது என்பார்கள். ஓடிய மக்கள் வெக்காளியம்மனிடம் தஞ்சம் புக, மழை நின்றது. வீடிழந்தவர்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள். எல்லாருக்கும் வீடு அமையும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்றாள் அம்மன். இன்றும் கருவறைக்குக் கூரை இல்லை. வெயிலிலும் மழையிலும் அவள் அப்படியே அமர்ந்திருக்கிறாள்.

இதையும் விதியாக எழுதியிருக்கிறேன். அழிந்த ஊரிலிருந்து சிதறிய குடிகள் அடுத்தடுத்த ஊர்களில் ஏதிலிகளாகக் கணக்கில் நிற்பார்கள். தங்கள் தொழிலையும் கையோடு கொண்டுபோவார்கள்: நெசவாளி போன ஊரில் தறி வரும், விட்ட ஊரில் வராது. அவர்களில் கடைசிக் குடிக்கும் வீடு அமையும்வரை, அந்தப் பாழில் வென்றவன் எழுப்பும் எந்தக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் கூரை ஏறாது. ஆட்டம் இழுபடும், ஆடுபவர்கள் பொறுமை இழப்பார்கள் என்கிறார்கள் நண்பர்கள். இழுபடட்டும் என்றுதான் எழுதினேன். இரண்டு ஊரை அழித்தவன் மூன்றாவது ஊருக்குத் தீ வைக்கும் முன், முதல் ஊரின் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் வெளியில் கிடக்கிறார்கள் என்ற எண் அவன் திரையில் தெரியும். அந்த எண்ணை மறைக்கும் பொத்தான் வேண்டும் என்று கேட்டார்கள், நான் தரவில்லை.