பால்வினைத் தொற்றும் குடும்ப மருத்துவரும்

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில், மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் கண்டறியப்பட்டன. பரிசோதிக்கப்பட்டோர் பாலியல் தொழிலாளர்கள். தொற்றை ஒழுக்கத்தோடும் சாதியோடும் முடிச்சிடும் மருத்துவர் இருமுறை தவறுகிறார்: மயிலாப்பூர், அடையாறு வீட்டு உரிமையாளரிடம் கேட்கவேண்டியதைக் கேட்பதில்லை, அவ்வீட்டுப் பணிப்பெண்ணைக் கேட்காமலே சந்தேகிக்கிறார்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அறிகுறிக்கேற்ப நிறம் பிரித்த மருந்துத் தொகுப்புகளை வகுத்துள்ளது. ஆனால் பெண்களிடம் கிளமிடியா, கொனோரியா பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும். கவனிக்காவிடில் மலட்டுத்தன்மை நேரலாம். ஆகவே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் இணையருக்கான சிகிச்சையும் இன்றியமையாதவை.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதும், தொற்றுள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதும் கூடாது. இரகசியம் காப்பது சலுகையன்று, நோயாளியின் உரிமை.