ஏழு நாள் விடுமுறை
பிரெஞ்சுப் படைவீரர் உரிமை வரலாற்றில் ஓர் அத்தியாயம்

யுத்தங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே படித்து வந்துள்ளோம். எந்தச் சமவெளியில் எந்தப் படை முறியடிக்கப்பட்டது, எந்த அரசு எந்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது என்பன பாடநூல்களில் ஆண்டும் திகதியும் தவறாது இடம்பெறுகின்றன. களத்தில் நின்றவன் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை வீடு திரும்பினான், அவன் இல்லாத வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்ற வினாக்களை அந்நூல்கள் எழுப்புவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் சாதாரண மக்களை எவ்வளவுக்கு மதித்தது என்பதை அறிய விரும்புவோர் இவ்வினாக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

எமது இலக்கிய மரபுக்கு இவை புதியனவல்ல. வேந்தன் பொருட்டுப் பிரியும் பிரிவு ஓராண்டுக்கு உட்பட்டதெனத் தொல்காப்பியக் கற்பியல் எல்லை வகுத்தது. கார்காலத்தில் மீள்வேன் எனக் கூறிச் சென்றவனை எதிர்நோக்கியிருத்தல் முல்லைத் திணையின் உயிர்ப்பொருளாயிற்று. போரில் மாண்டோரின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுக்கள் ‘உதிரப்பட்டி’ எனக் குறிக்கும். ஆனால் முன்னையது புலவர் வகுத்த மரபு. பின்னையது ஆள்வோர் மனமுவந்து அளித்த கொடை. கொடுப்பவன் மனம் மாறினால் கொடையும் இல்லையாகும். கொடை உரிமையாக மாறியது அண்மைக் காலத்திலேயே. அம்மாற்றம் எத்தகைய போராட்டத்தின் வழியே நிகழ்ந்தது என்பதை முதலாம் உலக யுத்தகாலப் பிரான்சின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பிரான்சிற் கட்டாய இராணுவ சேவை நிலவியது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதன் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியிருந்தது. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும் வயலிலிருந்த கமக்காரனும் ஆலையிலிருந்த தொழிலாளியும் சில தினங்களுக்குள் சீருடை அணிந்தனர். யுத்தம் முடிவதற்குள் இவ்வாறு திரட்டப்பட்டோர் ஏறத்தாழ 80 இலட்சம் பேராவர். கூலிக்காக மனமொப்பிப் படையிற் சேர்ந்தவனின் குடும்பத்தைப் பற்றி அரசு கவலையின்றி இருந்திருக்கலாம். சட்டத்தின் வலுவால் இழுத்துச் செல்லப்பட்டவனின் குடும்பத்தை அவ்வாறு கைவிட முடியாது. எனவே, 1914 ஆகஸ்ட் 5ஆம் திகதி நிறைவேறிய சட்டமொன்று, படைக்கு அழைக்கப்பட்டோரின் வறிய குடும்பங்களுக்கு நாளொன்றுக்கு 1 பிராங்கு 25 சதமும், 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலதிகமாக 50 சதமும் வழங்க வகைசெய்தது. அக்காலத்திற் சாதாரணப் படைவீரனின் நாட்சம்பளம் வெறும் 5 சதமே என்பதை நோக்கும்போது, அவன் குடும்பத்துக்கு இப்படி எவ்வளவு இன்றியமையாதது என்பது புலனாகும்.

எனினும், ‘வறிய’ என்ற அச்சொல்லிலேயே சிக்கல் இருந்தது. யார் வறியவர் என்பதை உள்ளூர்க் குழுக்களே தீர்மானித்தன. கணவனை எல்லைக்கு அனுப்பிய பெண் தன் வறுமையைப் பிறர் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. படிப்பணம் பெண்களைச் சோம்பேறிகளாக்குகிறது என முணுமுணுத்தோரும் இருந்தனர். ஊர்ப் பெரியவர்களின் கண்ணில் அது இன்னமும் தருமமாகவே தோன்றிற்று.

விடுமுறையின் கதையும் இத்தகையதே. பிரெஞ்சு மொழியிற் படைவீரனின் விடுமுறைக்கு வழங்கும் சொல் ‘பெர்மிசியோன்’ என்பதாகும். அதன் பொருள் ‘அனுமதி’. மேலோன் விரும்பினால் அளிப்பது, விரும்பாவிடின் மறுப்பது. யுத்தம் விரைவில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் 1914இல் விடுமுறைகள் யாவும் நிறுத்தப்பட்டன. அகழிகளில் ஓராண்டு கழிந்த பின்னர், 1915 ஜூலையிலேயே வரிசைமுறையில் வீடு செல்லும் ஏற்பாடு தொடங்கியது. விதைப்புக்கும் அறுவடைக்குமெனக் கமக்காரருக்குத் தனி விடுமுறையும் உண்டாயிற்று. 1916 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதி, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஏழு நாட்கள் என வரையறுத்தது.

ஆனால் தாளில் எழுதப்பட்ட ஏழு நாட்கள் படைவீரனின் கைக்கு எளிதில் வந்து சேரவில்லை. பெருந்தாக்குதல் ஒன்று திட்டமிடப்பட்ட போதெல்லாம் விடுமுறை நிறுத்தப்பட்டது. புறப்பட்டவனும் நெரிசல் மிகுந்த புகையிரதங்களிலும் தங்க இடமற்ற நிலையங்களிலும் அல்லலுற்றான். ஜேர்மனியர் கைப்பற்றியிருந்த வட மாவட்டங்களைச் சேர்ந்தவனுக்கோ, விடுமுறை கிடைத்தாலும் செல்வதற்கு வீடில்லை.

1917 ஏப்ரல் 16ஆம் திகதி, ஷெமென் தே தாம் மேட்டுநிலத்தில் ஜெனரல் நிவேல் தமது பெருந்தாக்குதலைத் தொடங்கினார். 48 மணி நேரத்தில் எதிரியின் அணியைப் பிளந்துவிடலாம் என்ற வாக்குறுதி பொய்த்தது. முதற் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 30,000 பிரெஞ்சு வீரர் மடிந்தனர். அதன் பின்னரும் தாக்குதலுக்கான கட்டளைகள் ஓயாததைக் கண்ட படையினர், மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் அணியணியாக மறுத்து நின்றனர். பிரெஞ்சுப் படையின் டிவிஷன்களில் ஏறத்தாழ அரைவாசியை இம்மறுப்பு தொட்டது. அவர்களிற் பெரும்பாலோர் ஆயுதங்களை எறிந்துவிட்டு ஓடவில்லை; அகழிகளைக் காப்போம், பயனற்ற தாக்குதலுக்கு இனிச் செல்லோம் என்றனர். செங்கொடியும் தொழிலாளர் சர்வதேச கீதமும் முகாம்களில் தோன்றின. சமாதானம், நல்லுணவு என்பவற்றோடு விடுமுறையும் அவர்களது கோரிக்கைகளில் முன்னின்றது. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் எதுவோ, அதுவே அங்கு நிகழ்ந்தது என்று கூறுதல் தவறாகாது.

அதே வாரங்களிற் பாரிஸ் நகரின் தையற் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். ஊதியக் கோரிக்கைகளோடு, எங்கள் ஆண்களைத் திருப்பித் தாருங்கள் என்ற குரலும் தெருக்களில் எழுந்தது. இவ்விடத்துக் கசப்பான உண்மையொன்றையும் மறைத்தலாகாது. இந்தோசீனத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர் பாரிஸிற் பெண்களைச் சுடுகின்றனர் என்ற வதந்தி முகாம்களிற் பரவி, வீரரின் சினத்தைத் தூண்டிற்று. தன்னைப் போலவே குடும்பத்தைப் பிரிந்து, கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அந்நிய உழைப்பாளியைத் தன் பகைவனாகக் காணும்படி குடியேற்ற ஆட்சி பிரெஞ்சு வீரனைப் பழக்கியிருந்தது.

மே 15ஆம் திகதி தலைமைத் தளபதியான பெத்தேன் இரு கைகளாலும் செயற்பட்டார். ஒரு கையில் இராணுவ நீதிமன்றம் இருந்தது: 500க்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது; அவற்றிற் பெரும்பாலானவை குறைக்கப்பட, 50க்கும் குறைவானோர் சுடப்பட்டனர். மறு கையில் விடுமுறைச் சீட்டு இருந்தது: நான்கு மாதங்களுக்கு ஏழு நாட்கள் என்ற விதி நடைமுறைக்கு வந்தது, நிலையங்களில் உணவுச் சாலைகளும் தங்குமிடங்களும் அமைக்கப்பட்டன. இதற்காக அவரைக் கருணையின் வடிவமெனப் போற்றும் வரலாற்றாசிரியர் உளர். 1940இல் நாற்சிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவரும் இவரே என்பது ஒருபுறமிருக்க, அந்த விதி அவர் இயற்றியதன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அது முந்திய ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதிய விதியை நிறைவேற்றச் செய்தவர்கள் மறுத்து நின்ற வீரர்களே. அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் அவர்களே.

யுத்தம் ஏறத்தாழ 14 இலட்சம் பிரெஞ்சுப் படையினரைப் பலிகொண்டது. 6 இலட்சம் அளவில் விதவைகளும் 10 இலட்சம் அளவிற் தந்தையை இழந்த பிள்ளைகளும் எஞ்சினர். 1919 மார்ச் 31ஆம் திகதிச் சட்டம் இவர்களுக்கும் உறுப்பிழந்தோருக்கும் ‘ஈடுபெறும் உரிமை’ உண்டென வெளிப்படையாக அறிவித்தது. அதன் சிறப்பு தொகையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. முன்னர், தன் காயமும் நோயும் சேவையால் விளைந்தவை என்பதைப் படைவீரனே நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய சட்டம் அவை சேவையால் விளைந்தவை என்றே கொண்டு, மறுப்பதாயின் நிரூபிக்கும் சுமையை அரசின்மேல் வைத்தது. கையேந்தி நின்றவன் கணக்குக் கேட்பவனானான்.

ஆனால் இவ்வுரிமைக்கும் நிற எல்லை ஒன்று இருந்தது. 1940இல் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டு, விடுதலையாகி, 1944இல் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மேற்கு ஆபிரிக்க வீரர், டக்காருக்கு அருகிலுள்ள தியாரோய் முகாமிற் தமது நிலுவைச் சம்பளத்தைக் கேட்டனர். டிசம்பர் 1ஆம் திகதி பிரெஞ்சுப் படை அவர்கள்மீது சுட்டது. மாண்டோர் 35 பேர் என்ற உத்தியோகக் கணக்கை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. அது ஒரு படுகொலை என்பதைப் பிரெஞ்சு ஜனாதிபதி ஏற்க 2024ஆம் ஆண்டாயிற்று.

துப்பாக்கி செய்ததை 1959இற் சட்டப்பிரிவொன்று ஓசையின்றிச் செய்தது. சுதந்திரம் பெற்ற நாடுகளின் முன்னாள் வீரர்களுக்குரிய இளைப்பாற்றுச் சம்பளம் உறைநிலையில் நிறுத்தப்பட்டது. அருகருகே நின்று போரிட்ட இருவரில், பிரெஞ்சுப் பிரசையின் தொகை ஆண்டுதோறும் உயர, செனகல் நாட்டவனின் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. இது பாரபட்சமென 2001இற் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்த்தது. வட ஆபிரிக்க வீரரைப் பற்றிய ‘அந்திஜேன்’ என்ற திரைப்படம் 2006இல் மக்கள் மனத்தை உலுக்கிய பின்னரே, ஊனமுற்றோரின் உதவிப்பணத்திலும் முன்னாள் வீரர் படியிலும் சமத்துவம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் உரியவர்களிற் பலர் மண்ணுக்குள் சென்றுவிட்டனர்.

அரசு தன் வீரரை எவ்வளவு புகழ்கின்றது என்பதை அறிய நினைவுத் தூபிகள் போதும். அவர்களை எவ்வளவு மதிக்கின்றது என்பதை அறிய விடுமுறை ஒழுங்குவிதியையும், படிப்பணக் குழுவின் தீர்ப்பையும், விதவையின் சம்பளப் புத்தகத்தையும் புரட்டுதல் வேண்டும். விதி இருக்கின்றதா என்று மட்டும் கேட்டால் 1916ஆம் ஆண்டின் பிரெஞ்சு அதிகாரி எமக்கு நல்ல விடையே தந்திருப்பார். யாருக்கு அது மறுக்கப்பட்டது, எதன் பின் அது கொடுக்கப்பட்டது என்று கேட்கும்போதே வரலாறு வாய்திறக்கின்றது. எமது வகுப்பறைகளில் அடுத்த தலைமுறை இவ்வினாக்களைக் கேட்கப் பழகுமாயின், யுத்தத்தைப் புகழும் பேச்சுக்களுக்கு அத்தலைமுறை எளிதில் மயங்காது என நாம் நம்புகின்றோம்.